பாலையடிக் குழை

இராசதுரைக்குக் கதிரையில் இருக்கத் தெரியாது. இருந்தால் ஒரு கால் ஆடத் தொடங்கும். ஆடுகிற கால் மற்றக் காலையும் எழுப்பிவிடும். பிறகு ஆள் முற்றத்தில் நிற்பான். முற்றத்தில் நின்றால் வேலிப் படலை கண்ணில் படும். அன்புவழிபுரத்துச் சனம் அவனை வீட்டுக்குள் கண்டதை விடப் படலையில் கண்டதுதான் கூட.

கலியாணத்தன்று மணவறையிலும் அந்தக் கால் ஆடியது. மாப்பிள்ளைக்குக் காய்ச்சலாக்கும் என்று பக்கத்தில் இருந்த கனகம்மா நினைத்தாள். அப்போது அவன் துறைமுகத்து டொக்யாட்டில் பியோன். ஒரு கந்தோரிலிருந்து இன்னொரு கந்தோருக்குக் கடிதக்கட்டுகளைச் சைக்கிளில் கொண்டு ஓடுவது வேலை. அந்த வேலைக்கு அந்தக் கால் பொருத்தமாக இருந்தது. ஐம்பத்தேழில் வெள்ளைக்காரன் துறைமுகத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினான். பழைய சாமான்களை ஏலத்தில் போட்டார்கள். வேலை போனவர்கள் கதிரை எடுத்தார்கள், மேசை எடுத்தார்கள். கனகம்மா ஒரு அலுமாரிக்கு ஆசைப்பட்டுப் படலையில் காத்து நின்றாள். இராசதுரை தான் ஓடிய சைக்கிளோடு வந்து சேர்ந்தான்.

"அலுமாரி?" என்றாள்.

"அலுமாரியில ஏறிப் போகேலுமே கனகம்?"

வீடு அவளுடைய சீதன வீடு. சண்டை வந்தாலும் அவள் "என்ர வீடு" என்று சொன்னதில்லை. "போறதெண்டால் படலையைச் சாத்திப்போட்டுப் போங்கோ, மாடு வருகுது" என்பாள். அவ்வளவுதான்.

சைக்கிள் இருந்தது. கால் இருந்தது. மீன் வியாபாரத்தில் இறங்கினான். விடியலில் சாம்பல்தீவுக் கரைக்குப் போவான். கரைவலை இழுத்து முடிய, சூடையோ கீரியோ பாரையோ கிடைத்ததைப் பெட்டியில் போட்டு, ஈரச்சாக்கால் மூடிக் கட்டுவான். பெட்டி பலகையில் செய்தது, உள்ளே தகரம். கன்னியாப் பக்கமாக மிதித்து, தார் றோட்டு முடிந்த இடத்திலிருந்து கிறவல் றோட்டில் ஏறுவான். குன்றுகளுக்குப் பின்னால் இருந்த ஊர்களுக்கு மீன் கொண்டுபோக வேறு ஆள் இல்லை. பஸ் இல்லை. கிறவலை நம்பி எவரும் நல்ல சைக்கிளைக் கொண்டுவர மாட்டார்கள்.

கிறவலுக்கு ஒரு குணம் உண்டு. அது நின்றவனை விழுத்தும். உருண்டைக் கல், கொட்டைப்பாக்கு அளவில், செம்மண்ணுக்கு மேலே சும்மா கிடக்கும். மெதுவாகப் போனால் முன்சில்லு அதில் புதைந்து திரும்பும். வேகமாகப் போனால் கல்லுக்கு மேலால் சில்லு பறக்கும். ஏற்றத்தில் நடுவைப் பிடிக்க வேண்டும். இறக்கத்தில் ஓரத்தைப் பிடிக்க வேண்டும். இறக்கத்தில் பிறேக்கைத் தொட்டவன் மீனோடு மண்ணில் இருப்பான். நில்லாமல் போகிறவனைத்தான் கிறவல் தாங்கும் என்பதை இராசதுரை முதல் நாளே கண்டுகொண்டான். அதற்குப் பிறகு அவனுக்கு வேறு றோட்டு ருசிக்கவில்லை.

கிறவல் கொஞ்சத் தூரம் காட்டுக்குள்ளால் ஏறி ஒரு பாலை மரத்தடியில் இரண்டாகப் பிரியும். வலப்பக்கம் போவது வீரையும் முதிரையும் அடர்ந்த காடு. மொட்டைமேடு என்கிற குன்றைத் தாண்டி நெல்லிக்குளத்தில் முடியும். இடப்பக்கம் போவது தரவை. மரமில்லாத புல்வெளி, மேடும் பள்ளமுமாக, இடைக்கிடை எருமைகளோடு நெடுக விரிந்து கொக்கட்டிச்சேனையில் முடியும். பாலையின் அடியில் பிள்ளையார் என்று ஒரு கல் இருந்தது. காட்டுக்குள் போகிறவன் பக்கத்துச் செடியில் இலைக்கொத்தாக ஒரு குழை முறித்துப் பாலைக் கிளையில் கொழுவிவிட்டுப் போக வேண்டும். யானை மறிக்காது. திரும்பி வரும்போது அந்தக் குழையை எடுத்துக் கீழே போட வேண்டும். விறகுக்காரர், தேன்காரர், மாடு தேடிப் போகிறவர் எல்லோரும் செய்வார்கள்.

இராசதுரை செய்யவில்லை. இறங்கி, குழை முறித்து, கொழுவி, திரும்ப ஏற அவனுக்குப் பொறுமை வரவில்லை. பிள்ளையாரைப் பார்த்து ஹோனை ஒருமுறை அடித்துவிட்டுப் போவான்.

மஹ்ரூப் காக்கா வந்த பிறகுதான் அதற்கு ஒரு முடிவு வந்தது. அவர் குறிஞ்சாக்கேணியில் பிறந்தவர். பட்டணத்தில் ஸல்ஹாவைக் கட்டி அவள் வீட்டில் இருந்தார். இராசதுரையை விடப் பத்து வயது கூட, அதனால் காக்கா, அண்ணன் முறை. அவரும் சைக்கிளில் மீன். முதல் கிழமையே இரண்டு பேரும் நெல்லிக்குளத்தில் ஒரே நேரத்தில் ஹோன் அடித்தார்கள். பெண்டுகள் இரண்டு பெட்டியையும் திறக்கச் சொல்லி, இரண்டையும் முகர்ந்து, இரண்டையும் பழித்தார்கள். அன்றைக்கு இரண்டு பேருக்கும் பாதி மீன் மிஞ்சியது.

திரும்பி வருகையில் மஹ்ரூப் காக்கா பாலையடியில் சைக்கிளைச் சாத்தினார். ஒரு குழை முறித்து வலப்பக்கம் நீண்ட கிளையில் கொழுவினார்.

"காக்கா, நீங்களுமோ?" என்றான் இராசதுரை.

"நான் உன்ர புள்ளையாருக்குக் கொழுவல்ல. உனக்குக் கொழுவுறன். முந்தி வாறவன் எந்தப் பக்கம் போறானோ அந்தக் கிளையில குழை. பிந்தி வாறவன் மத்தப் பக்கம். வாறபோது எடுத்துப் போடுறது. விளங்கினதா?"

"நான் குழை கொழுவிறேல்ல."

"இனிக் கொழுவு. ஆனைக்குப் பயமில்லாட்டி நெல்லிக்குளத்துப் பொம்புளையளுக்குப் பயப்படு."

அப்படித்தான் வழக்கம் தொடங்கியது. வெறும் வாய்ப்பேச்சு, எழுத்தில்லை. வருடக்கணக்காக ஒருவர் பெட்டிக்கு முன்னால் மற்றவர் பெட்டி திறக்கவில்லை. சில நாள் முகம் காணாமலே போய்விடும். கிளையில் வாடாத குழையைக் கண்டால் போதும். ஆள் சுகமாக இருக்கிறார், இன்ன பக்கம் போயிருக்கிறார்.

அறுபத்திரண்டில் ஒரு கச்சான் மாதம். மேற்கிலிருந்து காற்று சுடச்சுட வீசியது. இராசதுரை அன்று முந்திவிட்டான். சூடைதான், ஆனால் பெட்டி நிறைய. மஹ்ரூப் காக்கா கரையில் இன்னும் விலை பேசிக்கொண்டு நின்றார். பாலையடியில் இறங்கினான். நெல்லிக்குளத்துக்குப் போய்ச் சில நாள் ஆகிவிட்டது. வலப்பக்கக் கிளையில் குழையைக் கொழுவினான். ஏறி மிதித்தான்.

மொட்டைமேட்டின் உச்சியில் மரங்கள் விலகும். அங்கிருந்து இடப்பக்கம் பார்த்தால் தரவை முழுதும் தெரியும். அதன் நடுவே மற்ற றோட்டு சிவப்பாகக் கிடக்கும். எப்போதும் அந்த இடத்தில் அவனுக்கு ஒரு அரிப்பு வரும். போகிற றோட்டை விட அந்த றோட்டு நல்லாயிருப்பது போல. இடப்பக்கம் போகிற நாட்களில் தரவையிலிருந்து இந்தக் குன்றைப் பார்த்தாலும் அதே அரிப்புத்தான்.

அன்றைக்குக் கொக்கட்டிச்சேனைப் பக்கம் புழுதி எழும்பியது. நெற்சூடு மிதிக்கிறார்கள். களம் நிறைய ஆட்கள். மத்தியானச் சோற்றுக்குக் கறி வேண்டும். ஒரு பெட்டி சூடை ஒரே இடத்தில் முடியும். நெல்லிக்குளத்தில் வீடு வீடாக நின்று கதை கேட்க வேண்டும்.

காக்கா கரையில்தான் நிற்கிறார் என்று நினைத்தான். அவர் வந்து சேர முன்னம் விற்று முடித்துவிடலாம் என்றும் நினைத்தான். பாலையடிக்குத் திரும்பிப் போய்க் குழையை மாற்றலாம் என்கிற எண்ணம் கடைசியாகத்தான் வந்தது. ஏறின மேட்டை இறங்கி, இறங்கி ஏறி... கால் கேட்கவில்லை. உச்சியிலிருந்து தரவைக்கு இறங்க ஒரு யானைப்பாதை இருந்தது. கல்லும் சூரைப் பற்றையுமாகச் சரிந்து போகும். சைக்கிளை அதில் திருப்பினான்.

பாதி இறக்கம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு யானை இலத்தி, அதற்கு விலக்க ஒரு கல். முன்சில்லு நின்றது. பெட்டி நிற்கவில்லை.

கண் திறந்தபோது ஒரு பள்ளத்துக்குள் கிடந்தான். சைக்கிள் அவனுக்கு மேலே. இடது கால் முழங்காலுக்குக் கீழே, வளைய வேண்டாத இடத்தில் வளைந்திருந்தது. சுற்றிலும் சூடை, வெள்ளி சிதறினது மாதிரி. ஹோனை இழுத்து எடுத்து அமர்த்தினான். றப்பர் கிழிந்து புஸ் என்று காற்று மட்டும் வந்தது.

முதலில் கத்தவில்லை. எழும்பலாம் என்றுதான் நினைத்தான். எழும்பப் பார்த்த பிறகு கத்தினான்.

கச்சான் அவன் முகத்துக்கு நேரே வீசியது. குரலைப் பிடித்துப் பின்னால் காட்டுக்குள் எறிந்தது. அதே காற்று கொஞ்ச நேரத்தில் தரவையிலிருந்து ஒரு சத்தத்தைக் கொண்டுவந்தது. மஹ்ரூப் காக்காவின் ஹோன். இரண்டு தரம் குட்டையாக, ஒரு தரம் நீட்டி. பற்றை இடுக்கால் சிவப்பு றோட்டின் ஒரு துண்டு தெரிந்தது. அதில் சைக்கிள் வந்தது, போனது.

அவர் சத்தம் இவனுக்குக் கேட்டது. இவன் சத்தம் அவருக்குக் கேட்காது. அதை விட வேறொன்று மெல்ல மெல்ல விளங்கியது. தேடுகிறவர்கள் எங்கே தேடுவார்கள்? அவனுடைய குழை வலப்பக்கக் கிளையில் தொங்குகிறது. அவன் காட்டு றோட்டில் நெல்லிக்குளம் போயிருக்கிறான் என்று அது சொல்லிக்கொண்டிருக்கிறது. நெல்லிக்குளத்தில் வரவில்லை என்பார்கள். காட்டைத் தேடுவார்கள். இந்தப் பள்ளத்துக்கு எவரும் வர மாட்டார்கள். பொழுது சாய யானை வரும். இது தண்ணிக்கு இறங்குகிற அதன் பாதை.

காகங்கள் சூடையைக் கண்டுவிட்டன. பிறகு ஒரு உடும்பு வந்தது. அவன் கல்லெறிந்தான். உடும்பு ஒதுங்கி நின்று நாக்கை நீட்டிப் பார்த்தது. அதுக்கு அவசரம் இல்லை. முறியாத கால் தன்பாட்டில் ஆடிக்கொண்டிருப்பதை அப்போதுதான் கவனித்தான். உடைந்த காலுக்கும் அது நோவை அனுப்பியது. நிற்பாட்டிப் பார்த்தான். நிற்கவில்லை.

உச்சி வெயில் சரியத் தொடங்கும்போது மஹ்ரூப் காக்கா திரும்பிப் போனார். வெறும் பெட்டி, வேகமாக. பற்றை இடுக்கில் ஒரு கணம். சேட்டைக் கழற்றி ஆட்டினான். சூரைப் பற்றை அதைவிட உயரம்.

அதற்குப் பிறகு றோட்டில் ஒன்றும் அசையவில்லை.

மேலே கல் உருண்டபோது யானை என்றுதான் நினைத்தான். கண்ணை மூடிக்கொண்டான்.

"எலேய் துரை! செத்தியா, இருக்கியா?"

வாய் திறந்தான். சத்தம் வரவில்லை. கல்லை எடுத்துச் சைக்கிள் கம்பியில் தட்டினான்.

மஹ்ரூப் காக்கா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பற்றைக்குள்ளால் இறங்கி வந்தார். அவனைப் பார்த்தார். காலைப் பார்த்தார். சூடையைப் பார்த்தார்.

"நல்ல மீன். காகத்துக்கு யாவாரம் செய்றியா?"

"காக்கா... எப்பிடிக் கண்டு பிடிச்சனீங்கள்?"

"கதைக்காத. காலைப் புடிக்கிறன், கத்தினாக் கத்து."

கத்தினான். அவர் பெட்டிப் பலகை இரண்டைக் கழற்றி, தன் தோளில் கிடந்த துண்டைக் கிழித்து, காலை நடுவில் வைத்து இறுக்கினார். இறுக்கிக்கொண்டே பேசினார். குரலில் கோபம் இருந்தது.

"பாலையடிக்கு வந்தன். உன்ர குழை இன்னும் தொங்குது, வாடிச் செத்துப் போய். நீ எனக்கு முன்ன திரும்பாத நாள் உண்டா? நெல்லிக்குளம் போனன். மீன் வரல்லையெண்டு பொம்புளையள் எனக்கு ஏசுறாள்கள். காட்டு றோட்டெல்லாம் பாத்தன். திரும்பி வரக்குள்ள மொட்டைமேட்டில மூச்சு வாங்க நிண்டன். அங்கால றோட்டு வடிவாத் தெரிஞ்சிது. களத்துப் புழுதியும் தெரிஞ்சிது. இதைக் கண்டிட்டு இவன் நேர போயிருப்பானா எண்டு கேட்டன்."

"ஆரைக் கேட்டனீங்கள்?"

"என்னையத்தான் கேட்டன். அவன் போகமாட்டான், இதுக்குள்ளதான் உழுந்து கிடப்பான் எண்டு நானே சொன்னன்." முடிச்சைப் பல்லால் இழுத்தார். "எனக்கு முன்னால கொக்கட்டிச்சேனையில பெட்டி திறக்கப் பாத்தாய். ஓமா, இல்லையா?"

இராசதுரை உடும்பைப் பார்த்தான்.

"ஓம்."

"ம்."

அவர் கட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்தார். அவனை முதுகில் போட்டு மேட்டுக்கு ஏற்றினார். தன் சைக்கிளின் மீன்பெட்டியில் குந்த வைத்து, உடைந்த காலைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டி, தள்ளிக்கொண்டு நடந்தார். கிறவலில் ஒவ்வொரு கல்லும் எலும்புக்குள் ஏறியது.

"கொஞ்சம் கெதியாப் போங்கோ காக்கா."

"வாயை மூடு. கெதியாப் போய்த்தான் இந்தக் கோலம்."

அந்த றோட்டில் அவன் அவ்வளவு மெதுவாக ஒருநாளும் போனதில்லை. காயா மரத்தில் தேன்கூடு இருந்தது. ஒரு வளைவில் யாரோ கல் அடுக்கி அடுப்பு மூட்டியிருந்தார்கள். எதையும் முன்பு கண்டதில்லை. கண்டதில் சந்தோசமும் இல்லை. எப்போது முடியும் என்றுதான் இருந்தது.

பாலையடியில் அவர் நின்றார்.

"எடு உன்ர குழையை."

"நீங்கள் எடுங்கோவன், எனக்கு எட்டாது."

சைக்கிளைக் கிளைக்குக் கீழே தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார். இராசதுரை கையை நீட்டினான். குழை கருவாடாகக் காய்ந்திருந்தது. எடுத்துக் கீழே போட்டான். அதற்குப் பிறகுதான் சைக்கிள் அசைந்தது.

பெரியாஸ்பத்திரியில் காலுக்கு மாவுக்கட்டுப் பத்துப் போட்டார்கள். காலை ஊன்றக்கூடாது என்றார்கள். சொன்ன நாளுக்கு வெகு முன்னமே அவன் படலை வரைக்கும் ஊன்றி நடந்தான். இரண்டு முறை விழுந்தான். கால் கொஞ்சம் கோணலாகத்தான் பொருந்தியது. அது அவனே தேடியது.

மஹ்ரூப் காக்கா பள்ளத்திலிருந்து எடுத்துக்கொண்டுவந்து கொடுத்த சைக்கிள் குசினிச் சுவரோடு சாத்திக் கிடந்தது. ஒருநாள் தடியூன்றிப் போய்ப் பார்த்தான். பெடல் இரண்டும் இல்லை.

"கனகம், பெடல் எங்க?"

"அரிசிப் பானைக்குள்ள."

"அது அரிசிக்கோ?"

"உங்களுக்கு. யானைப்பாதையில இறங்கினவர் அரிசிப் பானைக்குள்ள கைவைக்க மாட்டாரெண்டு நினைச்சன்." அடுப்பை ஊதினாள். "காக்கா வந்து சொல்லுமட்டும் நான் நெல்லிக்குளத்துப் பக்கத்தையே பாத்துக்கொண்டிருந்தனான். உங்கட குழை அந்தக் கிளையில தொங்குது எண்டு விறகுக்காரர் சொன்னவை. இல்லாத பக்கத்தைப் பாத்துக்கொண்டிருந்திருக்கிறன்."

அவன் தடியை ஊன்றித் திரும்பினான். கதிரையில் போய் இருந்தான்.

மாதக்கணக்காகக் கதிரையில் இருந்தான். கால் ஆடியது. கதிரை ஆடியது. சாணி மெழுகின தரையில் கதிரைக் காலடியில் ஒரு குழி விழுந்தது. கனகம்மா வெள்ளிக்கிழமைகளில் தரை மெழுகும்போது அதை மண் போட்டு நிரப்புவாள். அடுத்த வெள்ளிக்குள் அது திரும்ப விழும். மழை வந்தது. மாரி முழுதும் அவள் நிரப்பினாள், அவன் தோண்டினான்.

மாரி விட்டு வாடைக்காற்று நிலைத்தது. ஒரு வெள்ளிக்கிழமை அவள் குழியை நிரப்பவில்லை. பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குசினிக்குள் போய்ப் பானையில் கைவிட்டு, அரிசி ஒட்டின பெடல் இரண்டையும் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள்.

"போகவேண்டாமெண்டு சொல்ல எனக்கு ஏலாது. சொன்னாலும் கேக்கமாட்டியள். எந்தப் பக்கம் எண்டு மட்டும் எனக்குச் சரியாத் தெரிய வேணும். பொய்க் குழை வேண்டாம்."

"ஓம்."

"ஓமெண்டு லேசாச் சொல்லுவியள்."

மறுநாள் சாம்பல்தீவில் அவனைக் கண்ட கரைவலைக்காரர், கோணல் காலைப் பார்த்து, "துரை இனி வட்டமாத்தான் சுத்துவார்" என்று சிரித்தார்கள். கீரி ஏற்றினான். இடது பெடல் அரைச் சுற்றுக்கு மேல் வலித்தது. வலது கால் இரண்டு கால் வேலையும் செய்தது. பாலையடியில் கிளைகள் இரண்டும் வெறுமையாக இருந்தன. இறங்கினான். குழை முறித்து வலப்பக்கம் கொழுவினான். பிள்ளையார் கல்லை ஒருமுறை பார்த்தான். ஏறி மிதித்தான்.

மொட்டைமேட்டை ஏறி முடியப் பாதி உயிர் போய்விட்டது. மரங்கள் விலகின. மழைக்குப் பிறகு தரவை பச்சை. பச்சைக்கு நடுவே அந்த றோட்டு முன்னெப்போதையும் விடச் சிவப்பு. எருமைகள் தண்ணிக்குள் நின்றன. தூரத்தில் கொக்கட்டிச்சேனையில் புகை.

இறங்கி நின்றான். யானைப்பாதையைப் பார்த்தான். அது அப்படியே இருந்தது. அரிப்பும் அப்படியே இருந்தது. ஆஸ்பத்திரியும் கதிரையும் அதை ஒன்றும் செய்யவில்லை. இந்தக் காலோடும் இறங்கலாம் என்று தோன்றியது. மெதுவாக, உருட்டிக்கொண்டு. ஆருக்குத் தெரியும்?

கொஞ்ச நேரம் நின்றான். பிறகு சைக்கிளை வந்த வழிக்குத் திருப்பினான்.

இறங்கி வருகையில் அவனுக்கே சிரிப்பாக இருந்தது. குழையை இந்தக் கிளையிலிருந்து எடுத்து அந்தக் கிளையில் போட ஒருவன் ஒரு மலையை இறங்குகிறான். ஆனால் மாற்றிவிட்டுப் போனால் பொய் இல்லை. கனகம்மாவுக்கும் காக்காவுக்கும் பிள்ளையாருக்கும் கணக்குச் சரி.

பாலையடிக்கு வந்தான். இடப்பக்கக் கிளையில் ஒரு குழை தொங்கியது. முறித்த காம்பில் பால் இன்னும் காயவில்லை. காக்கா இப்போதுதான் போயிருக்கிறார்.

இராசதுரை சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். கால் துடித்தது. தரவை றோட்டுப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பார்த்தான். ஆள் இல்லை, புழுதி மட்டும். கூப்பிட்டால் கேட்கும் தூரம்தான். "காக்கா, இண்டைக்கு நீங்கள் அங்கால போங்கோ" என்றால் போகக்கூடிய மனுசன்தான். கூப்பிடவில்லை. வலப்பக்கக் கிளையில் தன் குழை இருக்கிறதா என்று பார்த்தான். காற்றுக்குச் சரிந்திருந்தது. நேராக்கினான்.

"தூ, அறுந்த கால்!" என்று காலைத் திட்டிக்கொண்டு மொட்டைமேட்டில் இரண்டாம் முறை ஏறினான்.

உச்சியில் இந்த முறை சைக்கிளை விட்டு இறங்கவில்லை. இறங்கினால் என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். மிதித்தபடியே இடப்பக்கம் பார்த்தான். சிவப்பு றோட்டில் ஒரு புள்ளி, அதற்கு மேல் ஒரு வெள்ளைத் தொப்பி. வாடைக்காற்று இப்போது அவன் முதுகுக்குப் பின்னால் இருந்து தரவைக்கு இறங்கிக்கொண்டிருந்தது. புது ஹோனை அமர்த்தினான். நீட்டி ஒரு தரம்.

புள்ளி நின்றது. தொப்பி திரும்பியது. இரண்டு குட்டை, ஒரு நீட்டல் வர வேண்டும். காற்று எதிர், வந்தாலும் கேட்காது. கேட்கிறதா என்று நின்று பார்க்க அவனால் முடியவில்லை. சைக்கிள் ஏற்கனவே நெல்லிக்குளத்து இறக்கத்தில் உருளத் தொடங்கியிருந்தது. ஓரத்தைப் பிடித்தான். பிறேக்கைத் தொடவில்லை.